பசலி 1286: பொருளாதார வரலாறு என்றொரு படிப்பு

போன வருஷம் ஜூனில் சேலத்துத் தம்பி ஒருவன் முனிர்காவில் என் அறைக்கு வந்தான். பி.ஏ. முடித்துவிட்டு டெல்லியில் எம்.ஏ. சேர வந்தவன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டான். “அண்ணா, எகனாமிக் ஹிஸ்டரி படிக்கணும்னா எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட்ல சேரணுமா, ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்லயா?”

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடு இதே சந்துகளில் அலைந்திருக்கிறேன். அன்று ஒரு சீனியர் சொன்ன பதில், “ரெண்டுலயும் இருக்கு, ரெண்டுலயும் இல்ல.” நக்கல் என்று நினைத்தேன். படித்து முடித்த பிறகுதான் அதில் நக்கல் எதுவும் இல்லை என்று புரிந்தது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இந்தப் பாடத்துக்கென்று தனித் துறையே இருக்கிறது. ஹார்வர்டில் 1892இலேயே இதற்கு ஒரு பேராசிரியர் பதவி வந்துவிட்டது. டெல்லியில் இது அம்மா வீட்டில் பாதி நாள், அத்தை வீட்டில் பாதி நாள் வளர்கிற பிள்ளை. ஜே.என்.யூ.வில் வரலாற்று ஆய்வு மையத்தில் ஒரு பகுதி, பொருளாதார ஆய்வு மையத்தில் ஒரு பகுதி. டெல்லி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையிலும் உண்டு, டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் உண்டு. அங்கே பி.ஏ. ஆனர்ஸ் எகனாமிக்ஸ் படிப்பவர்களுக்கு 1857 முதல் 1947 வரையிலான இந்தியப் பொருளாதார வரலாறு விருப்பத் தாளாக இருந்து வருகிறது. யு.ஜி.சி. நெட் தேர்வில் இதற்கென்று தனிப் பாடம் கிடையாது. கல்லூரியில் வேலை வேண்டுமென்றால் எகனாமிக்ஸிலோ ஹிஸ்டரியிலோ நெட் எழுதித்தான் ஆக வேண்டும். எனவே தம்பியின் கேள்வி வெறும் படிவம் நிரப்பும் கேள்வி அல்ல.

சரி, உள்ளே என்னதான் படிக்கிறார்கள்? வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ராஜாக்களுக்குப் பதில் விலைவாசி வருகிற வரலாறு என்று நினைக்கிறார்கள். என் கணக்கில், இந்தப் படிப்பின் பெரும்பகுதி ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்வதுதான். ஓர் எண்ணைப் பார்த்தால், இதை யார் எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று கேட்கிற பழக்கம். தம்பிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அவன் ஊரையே எடுத்துக்கொண்டேன்.

சென்னை மாகாணத்தின் பழைய கோப்புகளைத் திறந்தால் ஆங்கில வருஷத்துக்குப் பதில் ‘பசலி’ என்று இருக்கும். முகலாயர் காலத்து வரி ஆண்டு அது. நம் ஊர் வருவாய்த் துறையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜூலை 1ஆம் தேதி பிறக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்குகிற ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. நம் பாட்டிமார் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்னார்களே, அந்தக் காலம். மழை பொய்த்தது, ஏரி வறண்டது, சென்னை மாகாணமும் மைசூரும் தக்காணமும் பஞ்சத்தில் விழுந்தன.

இப்போது எண்ணுக்கு வருவோம். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 19.7 லட்சம். 1881இல் சுமார் 16 லட்சம். கழித்துப் பார்த்தால் மூன்றரை லட்சத்துக்கும் மேல். முதல் வருஷ மாணவர் உடனே ‘சேலத்தில் பஞ்சத்தால் மூன்றரை லட்சம் பேர் இறந்தனர்’ என்று எழுதிவிடுவார். நானும் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி ஒன்றை மட்டும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கேள்விக்குறிக்குள் ஒரு செமஸ்டர் பாடம் இருக்கிறது. பஞ்சம் வராமல் இருந்திருந்தால் பத்து வருஷத்தில் மக்கள்தொகை கூடியிருக்கும். அப்படிப் பார்த்தால் இழப்பு அந்தக் கழித்தல் கணக்கைவிடப் பெரியது. ஆனால் அந்த இழப்பு முழுவதும் சாவு அல்ல. பஞ்ச காலத்தில் பிள்ளைப்பேறு குறையும். பிறக்காமல் போனவர்களும் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு மாவட்டங்களுக்கும் போனவர்கள் சாகவில்லை, எண்ணும்போது ஊரில் இல்லை, அவ்வளவுதான். அப்புறம், 1871 கணக்கெடுப்பு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்ற கேள்வி தனி. இறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்றால், அதை எழுதியவர் கிராம முன்சீப்பும் கர்ணமும். ஊரே காலியாகிற நேரத்தில் அவரே ஊரில் இருந்தாரா? சாவு அதிகமாக இருந்த மாதங்களில்தான் பதிவேடும் மெலிந்து கிடக்கும். பதிவேட்டில் காணும் வெற்றிடமும் ஒரு சான்றுதான். ஆனால் அதைக் கூட்டிக் கழிக்க முடியாது.

எண் கிடைக்காத இடம் ஒரு பக்கம். மறுபக்கம், எண் கொட்டிக் கிடக்கிற இடமும் உண்டு: நிவாரணக் கூலி. 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் தூதராகத் தெற்கே அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து, மண் வெட்டுகிற உடம்புக்கு இது பத்தாது என்று அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். சில மாதங்களில் கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சண்டையால்தான் 1877இல் ஒரு சாதாரணக் கூலியாள் என்ன சாப்பிட்டார், என்ன எடை இருந்தார் என்றெல்லாம் நமக்குக் காகிதம் கிடைக்கிறது. அதிகாரிகள் ஒத்துப்போன விஷயங்களில் கோப்பு மெலிசாக இருக்கும். அடித்துக்கொண்ட விஷயங்களில் கட்டுக்கட்டாக இருக்கும். ஆய்வு மாணவர்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

தம்பி நடுவில் கேட்டான், “ஆனா ரயில் இருந்துச்சே அண்ணா?” நல்ல கேள்வி. தெற்கின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது; 1860களின் தொடக்கத்திலேயே சேலம் வழியாக மேற்குக் கரைக்குப் பாதை போய்விட்டது. தண்டவாளம் இருந்தும் ஜனங்கள் செத்தார்கள். தானியம் ரயிலில் வரும்தான், ஆனால் காசு இருக்கிறவர் வீட்டுக்கு வரும். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1963 முதல் 1971 வரை பேராசிரியராக இருந்த அமர்த்தியா சென், பின்னாளில் 1943 வங்கப் பஞ்சத்தை வைத்து இதைத்தான் விரிவாகச் சொன்னார்: உணவு இருக்கிறதா என்பதோடு, அதை வாங்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், டேவ் டொனால்ட்சன் என்ற பொருளியலாளர் ஆங்கிலேயர் கால உப்பு விலை, பயிர் விலை, மழையளவு எல்லாவற்றையும் மாவட்ட வாரியாகத் திரட்டி, ரயில் போன இடங்களில் விலை வித்தியாசம் குறைந்தது, வருமானம் கூடியது என்று காட்டினார். 2018இல் வந்த கட்டுரை அது. பஞ்சச் சாவையும் ரயில் மட்டுப்படுத்தியது என்று இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று அடிப்பதாகத் தோன்றும். நீண்ட கால சராசரி ஒன்று, பசலி 1286இல் ஓமலூர் பக்கம் ஒரு குடும்பம் பட்டது வேறு. இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்ளப் பழகுவதுதான் சிரமம்.

இங்கேதான் இரண்டு துறைகளும் பிரிகின்றன. பொருளியல்காரர்கள் நூறு மாவட்டத்தை ஒரே அட்டவணையில் அடுக்கி, எது எதற்குக் காரணம் என்று கணக்குப் போடுவார்கள். அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். ஆங்கிலேயர் ஜமீன்தார் கையில் வரிவசூலை விட்ட மாவட்டங்களையும், அப்படி விடாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் ஜமீன் மாவட்டங்கள் விளைச்சலிலும் பள்ளிக்கூடத்திலும் பின்தங்கியே இருந்தன என்பது முடிவு. வகுப்பில் இதைப் படித்ததும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெருமிதம் வரும், நம்முடையது ரயத்துவாரி, அதாவது உழவரிடமே நேராக வரி வாங்குகிற முறை ஆயிற்றே என்று. பாராமகாலில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் 1792இல் தொடங்கிவைத்த ஏற்பாடு. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம்தான் அதன் பிறந்த வீடு.

வரலாற்றுக்காரர் உடனே கையைத் தூக்குவார். ராமநாதபுரமும் சிவகங்கையும் என்ன? அவை ஜமீன்தானே? தஞ்சாவூரில் பட்டா தனித்தனியாக இருந்தாலும் மிராசுதார் ஜமீன்தாருக்கு எந்த விதத்தில் குறைந்தவர்? அட்டவணையில் ‘ரயத்து’ என்று ஒரே கட்டத்தில் விழுகிறவர்களில் பாதிப் பேர் மண்வெட்டியையே தொடாதவர்கள். இந்த எதிர்வாதம் அந்த ஆய்வைக் கவிழ்த்துவிடாது. அதன் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து காட்டும். எனக்கு எந்தப் பக்கம் பிடிக்கும் என்றால், சொல்வதற்கு வெட்கமில்லை, கட்டத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் பக்கம். ஆனால் கணக்குத் தெரியாமல் எட்டிப் பார்ப்பவர்கள் வெறும் கதை சொல்லிவிட்டுப் போகிற ஆபத்தும் உண்டு. அதையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தர்மா குமார். தமிழ்க் குடும்பத்தில் 1928இல் பிறந்தவர். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர். டெல்லியிலிருந்து 1963இல் தொடங்கிய பொருளாதார, சமூக வரலாற்று ஆய்விதழைப் பல வருஷம் நடத்தியவர். 1983இல் வந்த கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாம் தொகுதிக்குப் பதிப்பாசிரியர். 1965இல் வந்த அவருடைய புத்தகம் சென்னை மாகாணத்தின் நிலத்தையும் சாதியையும் பற்றியது. அன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து என்னவென்றால், பழைய கிராமத்தில் நிலமற்ற கூலி என்று ஒரு கூட்டமே கிடையாது. வெள்ளைக்காரன் வந்து, வரி போட்டு, நெசவை அழித்துத்தான் அந்தக் கூட்டத்தை உண்டாக்கினான் என்பது.

தர்மா குமார் எளிமையாக ஒன்று செய்தார். பள்ளர், பறையர் போன்ற சாதிகளைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வயல் வேலைக்கு என்றே கட்டப்பட்டிருந்தவர்கள். அவர்களுடைய எண்ணிக்கையைப் பழைய குறிப்புகளிலிருந்தும் கணக்கெடுப்புகளிலிருந்தும் திரட்டினார். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நிலமற்ற உழைப்பாளிகள் பெரும் கூட்டமாக இருந்தார்கள், அவர்களை நிலமற்றவர்களாக வைத்திருந்தது சாதி என்பது அவர் முடிவு. 1843இல் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் வந்ததே எதற்கு, அடிமைகள் இருந்ததால்தானே.

இந்த முடிவு எல்லோருக்கும் ருசிக்கவில்லை. காலனிய ஆட்சியின் பாவத்தைக் குறைத்துக் காட்டுகிறார் என்று ஒரு பக்கம் கோபம். இன்னொரு விமர்சனம் எனக்கு இன்னும் முக்கியம்: சாதியை வைத்துத் தொழிலை எண்ணலாமா? அந்தச் சாதிகளில் நிலம் வைத்திருந்தவர்களும் உண்டு. வேறு சாதிகளில் நிலத்தை இழந்து கூலிக்குப் போனவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் இதை வகுப்பில் விவாதிக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வடக்கத்திய நண்பர்களுக்கு இது ஒரு ‘தீசிஸ்’. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அது தாத்தாவின் கதை. ஆங்கிலக் கோப்பில் ‘படியாள்’ என்ற சொல் பிழையான எழுத்துகளோடு கிடந்தபோது, அது படி அளந்து கூலி வாங்குகிறவரைக் குறிக்கும் என்று சொல்ல அவளுக்கு அகராதி தேவைப்படவில்லை.

டெல்லியில் இந்தப் பாடம் படிக்க வருகிற தமிழ் மாணவருக்கு இது பெரிய கைமுதல். ஜமாபந்தி, பட்டா, மிராசு, பண்ணையாள், சிட்டா, அடங்கல், ஏரி, மதகு எல்லாம் அவருக்கு வீட்டுச் சொற்கள். இந்தி தெரியாதே, டெல்லியில் எப்படிப் படிப்பது என்று பயந்துகொண்டு வருகிறார்கள். ஆட்டோக்காரரிடம் பேச இந்தி வேண்டும்தான். ஆய்வுக்கு அவரவர் எடுத்துக்கொள்கிற வட்டாரத்தின் மொழி வேண்டும். முகலாயர் காலம் என்றால் பாரசீகம் படிக்காமல் நகர முடியாது. சோழர் காலம் என்றால் கல்வெட்டுத் தமிழ். ஜப்பானிலிருந்து வந்த நொபோரு கராஷிமா அதைக் கற்றுக்கொண்டு, திருச்சி வட்டாரத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமண ஊரில் நிலம் தனித்தனியாக இருந்தது, வேளாளர் ஊரில் பொதுவாக இருந்தது என்று 1966இல் எழுதினார். நமக்கு அரைவாசி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அளவைகளும் அப்படித்தான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கம்பெனிக் கணக்கில் பணம் பகோடாவில் இருக்கும். நம் வாயில் அது வராகன். சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் ரூபாய்க்கு மாறியபோது ஒரு வராகன் மூன்றரை ரூபாய். இதுவாவது பரவாயில்லை. தானியம் அளக்கிற மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று வைத்திருந்த புண்ணியவான்களும் உண்டு.

இந்த மரக்கால் விவகாரம் சின்னதாகத் தெரியும். ஆனால் உலக அளவில் நடக்கிற ஒரு வாதமே இதன் மேல்தான் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தொழிலாளியைவிடத் தென்னிந்திய நெசவாளி ஏழையா? வெள்ளிக் காசில் பார்த்தால் நெசவாளியின் கூலி மிகக் கம்மி. வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல் ஒரு கட்டுரையில் கணக்கைத் திருப்பிப் போட்டார்: இங்கே தானியம் மலிவு, எனவே அந்தக் கூலிக்குக் கிடைத்த சோற்றைப் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய சமம். அதோடு, நெசவாளி முன்பணம் வாங்கிக்கொண்டு, பிடிக்காவிட்டால் வேறு வியாபாரியிடம் போக முடிந்தது. கம்பெனி அந்தக் கதவை அடைத்த பிறகுதான் அவர் நிலை இறங்கியது. 2006இல் பொருளியலாளர்கள் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் மறுத்தார்கள். தானியக் கூலி சமமாகத் தெரிந்தாலும் வெள்ளிக் கூலியின் இடைவெளி முன்பே பெரியது, அதுவே வளர்ச்சியின் அளவுகோல் என்றார்கள். ஒரு வராகனுக்கு எத்தனை கலம் நெல், அந்தக் கலம் எந்த ஊர்க் கலம் என்பதில் கொஞ்சம் தவறினாலும் கிழக்கு ஏழையாகிவிடும், அல்லது பணக்காரனாகிவிடும்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் எகனாமிக்ஸ் சேர பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். டெல்லி ஸ்கூல் எம்.ஏ.வில் முதல் நாளிலிருந்தே கணிதம்தான். ஹிஸ்டரியில் கணிதம் இல்லை, ஆனால் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கம் வாசிக்க வேண்டும். ஜே.என்.யூ. பக்கத்துப் பேர் சராய் ஜெராக்ஸ் கடைக்காரர் முகம் மறக்காது. எம்.ஏ. சேர்க்கைக்கு டெல்லி பல்கலைக்கழகம், ஜே.என்.யூ. இரண்டிலும் இப்போது சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாள். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். முனிர்கா வாடகையும் மலை மந்திர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை இட்லியும் போக மிச்சம் பிடிக்கலாம். வேலை? கல்லூரி ஆசிரியர், ஆய்வு நிறுவனம், பத்திரிகை, யு.பி.எஸ்.சி. மென்பொருள் சம்பளம் எதிர்பார்த்து வராதீர்கள்.

ஆவணக் காப்பகம் பற்றி ஒரு வார்த்தை. ஜன்பத்தில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகம் 1891இல் கல்கத்தாவில் தொடங்கியது. பஞ்சம் பற்றி இந்திய அரசு மட்டத்தில் நடந்த கடிதப் போக்குவரத்து அங்கே கிடைக்கும். இப்போது அபிலேக் படல் என்ற இணையதளத்திலும் நிறைய ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் சேலம் கலெக்டர் வருவாய் வாரியத்துக்கு எழுதிய கடிதம் வேண்டுமென்றால் எழும்பூர் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். நம் ஊரைப் படிக்க டெல்லி வந்தவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்பிப் போவது இதனால்தான். பொறுமையும் வேண்டும். ஒரு காப்பகத்தில் ஆறு கோப்புக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். நான்கு சீட்டு ‘கிடைக்கவில்லை’ என்று திரும்பியது, ஐந்தாவது தொட்டாலே உதிர்ந்தது. ஆறாவதில் என் ஆய்வின் ஓர் அத்தியாயம் இருந்தது.

தம்பி கடைசியில் ஹிஸ்டரியில் சேர்ந்தான். எகனாமிக்ஸ் பக்கமும் ஒரு தாள் உட்கார்ந்து கேட்கிறான், புள்ளியியல். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்த ஒரு பழைய பத்திரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பூச்சி அரித்த காகிதம். மேல் வரியில் பசலி 1311 என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“அண்ணா, இது 1901ஆ, 1902ஆ?”

ஜூலைக்கு முன்னாடியா பின்னாடியா, மாசம் எங்கேயாவது போட்டிருக்கா பார் என்று பதில் அனுப்பினேன்.